பசித்த பிள்ளைக்குத் துறவு ஏது?

தேவைகளைச் சுருக்குவதே உயர்வு என்பது நம் அறம். தேவைகள் நிறைவேறினால்தான் மனிதன் உயர முடியும் என்பது ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கப்பெறும் உளவியல். நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியப் பணிக்குச் செல்வோர் இவ்விரண்டில் எதனைக் கைக்கொண்டு வகுப்பில் நிற்பது?

அமெரிக்க உளவியலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார்: உடல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றல் முழுவதும் மலர்தல். கீழுள்ள தேவை ஓரளவேனும் நிறைவுற்ற பின்னரே மேலுள்ளது மனத்தை ஆட்கொள்ளும் என்றார். பயிற்சி நூல்களில் காணும் முக்கோணம் அவர் வரைந்ததன்று, பின்வந்தோர் வரைந்தது. அவ்வரிசை என்றும் மாறாதது எனவும் அவர் கூறவில்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்வோர் இதனைக் கவனிப்பதேயில்லை.

நம் ஐயத்திற்கு விடையும் அக்கட்டுரையிலேயே உள்ளது. இளமையில் அடிப்படைத் தேவைகள் நிறைவுபெற்று வளர்ந்தவர்களே பிற்காலத்தில் இழப்பைத் தாங்கும் உறுதியைப் பெறுகின்றனர் என்கிறார் மாஸ்லோ. உண்ணாநோன்பு மேற்கொண்ட முனிவரும், காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனும் பசியில் மட்டுமே ஒப்பர். முனிவர் உணவை விலக்கியவர்; சிறுவனுக்கோ உணவே கிட்டவில்லை. தன்னிடம் இல்லாததை அவன் எவ்வாறு துறப்பான்? பசி பொறுத்துப் படி என்று அவனுக்கு அறிவுரை கூறுவது இம்சையேயாகும். 1956இல் மதிய உணவையும் 2022இல் காலை உணவையும் தமிழக அரசு பள்ளிக்குள் கொண்டுவந்ததை வெறும் சலுகையாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் அறிவோம். சமண முனிவர் உறைந்த இடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று. இந்நான்கனுள் உணவை அரசு தரலாம். அபயத்தை ஆசிரியரே தரவேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. ஆயினும் பிரம்பு மறைந்த அளவிற்குக் கடுஞ்சொல் மறையவில்லை. மதிப்பெண்களை இறங்குவரிசையில் உரக்கப் படிப்பதும், குறிப்பேடு வாங்கித் தர இயலாத தந்தையைப் பற்றி வகுப்பின் நடுவே வினவுவதும் தண்டனையல்லாமல் வேறென்ன? அஞ்சும் குழந்தை ஐயம் கேளாது. தனக்குத் தெரியாததை மறைப்பதிலேயே அதன் அறிவெல்லாம் செலவாகிவிடும். அத்தகைய குழந்தைக்கு ஊக்கமில்லை என்று ஆசிரியர் அறிக்கையில் எழுதுகிறார்!

நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பெரியோரைப் பார்த்துத் தாமும் நோன்பிருக்க விரும்பும் சிறுவர் உண்டு, மகிழத்தக்கதே. நண்பகலில் அப்பிள்ளை பசிக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது? எடுத்த நோன்பை முடிக்கச் சொல்லி அதட்டுவோரும் உளர். கடிந்து ஒரு சொல்லும் கூறாமல் இலையைப் போடுங்கள் என்பேன் நான்.