தேய்ந்த படி

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அடுத்த பழைய வீடொன்றில் நாம் குடியிருந்தோம். மாடிக்குச் செல்லப் பலா மரத்தாலான படிக்கட்டு உண்டு. பல்லாண்டுகளாகப் பாதங்கள் பட்டுப் பட்டு ஒவ்வொரு பலகையும் நடுவில் குழிந்து, விளிம்பு மழுங்கியிருந்தது. மணவிழா ஒன்று நெருங்கவே, குறையைத் தீர்க்காமல் மேலே வார்னிஷைப் பூசினோம். வந்தோர் அனைவரும் அதன் பளபளப்பைப் புகழ்ந்தனர். ஐப்பசித் துலா மழையில் ஈரக்காலுடன் இறங்கிய நம் அன்னையார் நான்காம் படியில் வழுக்கி வீழ்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

பழி மரத்தினுடையதன்று, மழையினுடையதும் அன்று. குழியை அறிந்தும் மறைத்த நம்முடையதே.

படியைப் பற்றிப் பேசுதல் அறநெறிக்குப் புறம்பானதென எண்ணவேண்டா. விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில், பிக்குகளின் உறைவிடங்களில் நீர் புகுந்தபோது தளத்தை உயர்த்திக் கட்டப் பகவன் புத்தர் இசைவளித்த செய்தி வருகிறது. உயர்த்தியபின் ஏறுதல் அரிதாயிற்று. செங்கல், கல், மரம் என மூவகைப் படிகளுக்கு இசைந்தார். ஏறுவோர் விழுந்தனர், கைப்பிடிக்கும் இசைந்தார். பிறர் விழாதிருக்க வழிசெய்வதும் கருணையே என்பது இதனால் விளங்கும்.

அன்னையார் படுக்கையிலிருந்த காலத்தில், தை மாதத்து வறண்ட நாட்களில், முதிய தச்சர் ஒருவரை அழைத்துப் படிக்கட்டைச் சீர்செய்தோம். மழைக்காலத்தில் மரம் ஈரத்தால் உப்பியிருக்கும். எண்ணெயும் எளிதில் காயாது. ஆதலின் காலமறிந்து தொடங்குதல் வேண்டும்.

முதலில் பழைய பூச்சு முழுவதையும் அகற்றினார். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். அதன் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. ஆதலின் நீர் தெளித்து நனைத்தே தேய்த்தார். அடுத்து, ஆடிய பலகைகளைத் திருகாணியால் இறுக்கினார். மழுங்கிய விளிம்பை வெட்டி, அதே பலா மரத்துண்டைப் பதித்து, இழைப்புளியால் மட்டமாக்கினார். பின் உப்புத்தாள் கொண்டு மரத்தின் ரேகை ஓடும் வழியே தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் கீறல் நிலைத்துவிடும். இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்தெடுத்தார். ஒரு பூச்சு காய்ந்த பின்னரே மறு பூச்சு. வீட்டார் ஏறியிறங்க வேண்டுமாகையால், ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசினார். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றும் என எச்சரித்து, வெளியே விரித்து உலர்த்தினார். சுவரோரம் உறுதியான கைப்பிடியும் அமைத்தார்.

இப்பணியைக் கண்டபோது, சாவத்தியில் விசாகை எழுப்பிய மாளிகையில் நிகழ்ந்த உரையாடல் நம் நினைவிற்கு வந்தது. கணக மொக்கல்லானர் என்னும் அந்தணர், இம்மாளிகையில் கடைசிப் படிவரை படிமுறை காணப்படுவதுபோல் தங்கள் நெறியிலும் படிமுறை உண்டோ என வினவினார். உண்டு என்றார் பகவன். முதலில் ஒழுக்கம்; பின் புலனடக்கம்; உணவில் அளவு; விழிப்பு; நினைவுடைமை; அதன்பின்னரே தியானம்.

நாமோ ஒழுக்கமென்னும் முதற்படி குழிந்திருக்க, அதன்மேல் பூசையும் பேச்சுமாகிய வார்னிஷைப் பூசுகிறோம். உலகம் புகழ்கிறது, துன்பமென்னும் மழை வரும் நாளில் வழுக்கி விழுகிறோம். நம்மை நம்பி நம் வழியே நடப்போரும் உடன் விழுகின்றனர்.

சீர்செய்தபின் பணி முடிந்ததென இருத்தலும் தவறு. காலில் ஒட்டிவரும் மணல் நாள்தோறும் மரத்தைத் தேய்க்கிறது. ஆகவே நாள்தோறும் பெருக்கவேண்டும். ஈரத்தை உடனே துடைக்கவேண்டும். மிதிக்கும் பலகையில் வழுக்கும் மெழுகு கூடாது. படியின் அடிப்புறத்தில் கறையானின் மண்தடம் உண்டோ என ஆண்டிற்கொருமுறையேனும் விளக்கேந்திப் பார்க்கவேண்டும். உள்ளத்தின் அடிப்புறத்தையும் அவ்வாறே. தோன்றியன யாவும் தேயும். அநித்தியம் என்பது இதுவே. தேயும் என்பதற்காகப் பேணாதிருத்தல் சோம்பல். தேயும் என அறிந்தே பேணுதல் அப்பிரமாதம், அதாவது சோர்வின்மை.

அன்னையார் இன்று கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறுகிறார். பழைய நடை மீளவில்லை. அவர் ஏறும் ஓசை கேட்கும்போதெல்லாம் நாம் பூசி மறைத்தவற்றை எண்ணுகிறோம். அன்பர்களே, இன்று இல்லம் திரும்பியதும் முதற்படியைக் குனிந்து பாருங்கள். பின் உங்களையும் பாருங்கள்.