கரையொதுங்கும் உயிர்களும் கருணையின் கடமையும்

துன்புறும் ஓர் உயிரைக் காணும்போது மனிதன் உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கம்; அதனை அடுத்து எழுவது ஒரு வினா. "இத்துன்பத்துக்கு நான் காரணமா?" என்பதே அவ்வினா. காரணம் தான் அல்லன் என்று தெளிந்தவுடன் பலரும் அவ்விடம் விட்டு அகன்றுவிடுகின்றனர். குற்றம் இல்லாதவனுக்குக் கடமையும் இல்லை என்று கொள்வது அறமாகுமா? இவ்வினாவை நம் தமிழ்நாட்டுக் கடற்கரையே மக்கள் முன் வைத்ததுண்டு.

2016ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் மாலை, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூரையும் மணப்பாட்டையும் ஒட்டிய கரையில் திமிங்கிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணலேறத் தொடங்கின. மறுநாளைக்குள் அவை எண்பதைக் கடந்தன. திமிங்கிலம் மீன் அன்று. நம்மைப் போல் மூச்சுவிட்டு, கன்றுக்குப் பால் கொடுக்கும் உயிர். நீரில் மிதக்கும் வரையில் அதன் பேருடல் அதற்குச் சுமையாவதில்லை. தரையேறினாலோ தன் உடலின் பாரமே தன் மூச்சை நெரிக்கும். வெயிலில் தோல் வெடிக்கும். அப்பகுதி மீனவர் நீரில் இறங்கித் தோளால் தள்ளியும், படகில் கட்டி இழுத்தும் அவற்றைக் கடலில் விட்டனர். விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. முடிவில் ஏறக்குறைய 45 இறந்தன. கரையிலேயே குழி தோண்டிப் புதைக்கப்பட்டன.

அவை ஏன் திரும்பின? அவ்வினத்துக்கு வழிகாட்டித் திமிங்கிலம் என்று பெயர். கூட்டமாகவே வாழ்ந்து, கூட்டமாகவே செல்லும் இயல்புடையது. ஒன்று துன்பத்தில் சிக்கினால் மற்றவை அதனை விட்டு நீங்க மனமின்றிச் சுற்றி நிற்கும் என்று ஆராய்ந்தோர் கூறுவர். உயிரைக் காக்க வேண்டிய பாசமே அங்கு உயிரைப் போக்குவதும் ஆயிற்று.

இதற்கு மனிதன் காரணமா? இங்கே நிதானம் வேண்டும். இதே கரையில் 1973ஆம் ஆண்டு ஜனவரியில் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. கல்கத்தாவை அடுத்த உப்பேரியில் ஒரு கூட்டம் சிக்கிய செய்தி 1852ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. ஆகவே எல்லாம் இக்கால மனிதன் செயலே என்று சொல்லிவிட இயலாது. எல்லாம் இயற்கையே என்று கைகழுவவும் இயலாது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் பல திமிங்கிலங்கள் கரையொதுங்கியபோது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியத் தாங்கள் கடலில் செலுத்திய பேரொலியே அதற்குக் காரணமாகலாம் என்பதை அமெரிக்கக் கடற்படையினரே ஒப்புக்கொண்டனர். செவியையே கண்ணாகக் கொண்டு வாழும் உயிருக்கு ஓசை எத்தகைய கொடுமை என்பது அப்போது உலகுக்குப் புலனாயிற்று.

அப்படியாயின், காரணம் துணியப்படும் வரையில் கரையில் நிற்பவன் என்ன செய்வது? ஸ்ரீமத் பாகவதம் கூறும் கஜேந்திரனின் வரலாற்றை அடியார் அனைவரும் அறிவர். அந்த யானைக்கு முற்பிறப்பில் ஒரு சாபம் நேர்ந்ததென்பதை அந்நூல் சொல்கிறது. ஆனால் எம்பெருமான் விரைந்து வந்து மீட்ட பின்னரே சொல்கிறது. முதலில் மீட்பு, பிறகே விசாரணை. அங்கே களிற்றை நீர் பற்றியிருந்தது; இங்கே திமிங்கிலத்தை நிலம் பற்றியிருக்கிறது. முறை ஒன்றே.

மணப்பாட்டு மீனவரின் உழைப்பு வீணாயிற்று என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறலாம். 2020ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இலங்கையின் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊர்மக்களும் இரவு முழுதும் உழைத்து, மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தையும் கடலில் சேர்த்தனர். இருகரையிலும் தள்ளிய தோள்களின் அறம் ஒன்றே. பலன் மட்டுமே வேறுபட்டது. பலன் கருதாத கைங்கர்யம் என்பதன் பொருள் இதுவன்றோ!

இனி, பிற்பட்டு வரவேண்டிய விசாரணையை மறந்துவிடலாகாது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் கோவளம் கடலும் திருவிடந்தையும் வரும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இங்கே காரணம் மறைவானதன்று. ஆமையும் காற்றை உண்டு வாழ்வது. இழுவை மடியில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூழ்கி இறக்கும். வலையில் ஆமை வெளியேற வழிவிடும் அமைப்பு உண்டு. விசைப்படகுகளைக் கரையோரக் கடலிலிருந்து விலக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆமையைக் கொல்ல எவரும் வலை விரிப்பதில்லை. அவரவர் வயிற்றுப்பாடு அவரவர்க்கு. மீனை விற்பவரும் வாங்குபவரும் அந்த வலையின் ஒரு கயிற்றைப் பிடித்தவர்களே. ஆயிரம் பேருக்குப் பங்கிட்டதனால் ஒரு குற்றம் இல்லாமற் போய்விடுமா? பங்கு சிறிதாகும், இன்மையாகாது.

2018ஆம் ஆண்டு நவம்பரில் இந்தோனேசியாவின் வாகாதோபித் தீவுப்பகுதியில் இறந்து ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் ஏறக்குறைய 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் குவளைகள் மட்டும் 115. ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தது. அந்தக் குவளையில் நீர் அருந்தியவர் எவரும் திமிங்கிலத்தை நினைத்திருக்கமாட்டார். அறியாமல் செய்தது பிழையாகாது எனலாம். அறிந்த பின்னும் தொடர்வதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மாசி மகத்தன்று கடல்மல்லையில் எம்பெருமான் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறான். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவே. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் சிலர் இரவில் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். சேவார்த்திகள் அத்தனை தூரம் நடக்க வேண்டுவதில்லை. தீர்த்தமாடிய கரையில் குவளையையும் உறையையும் விட்டு வராதிருத்தலும், உயிருடன் ஒதுங்கிய பிராணியைக் கண்டால் சூழ்ந்து நின்று வேடிக்கை பாராமல் வனத்துறைக்கு அறிவித்தலும் எவர்க்கும் இயலும். மீனமாகவும் ஆமையாகவும் அவதரித்தவனைச் சேவிக்க வந்தவர்கள், அவன் ஏற்ற வடிவங்களுக்கு இடையூறு செய்யாமல் ஊர் திரும்புவதே அவ்விழாவின் நிறைவாகும்.