குறுமுனியின் விரல்தடம்

போன பங்குனியில் என் அண்ணன் மகள் ஒரு கதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கல்லூரியில் படிக்கிறாள், மாயாஜாலக் கதை என்றால் அவளுக்கு உயிர். கதையில் வடக்கிலிருந்து ஒரு குள்ளக் கிழவர் வருகிறார். கையில் கமண்டலம். வருகிற வழியில் மலையைக் குனிய வைக்கிறார். ஓர் ஆற்றைக் கமண்டலத்துக்குள் அடைத்து மூடுகிறார். தெற்கே ஒரு மலையில் அமர்ந்து, இனி இப்படித்தான் பேச வேண்டும், இப்படித்தான் பாட வேண்டும் என்று விதி எழுதுகிறார். விதிக்குள் அடங்காத பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஊமையாகிறது. கடைசியில் அந்த மலையிலேயே பிறந்த காணிக்காரப் பெண் ஒருத்தி கமண்டலத்தை உடைக்கிறாள். ஆறு ஓடுகிறது.

கிழவருக்கு அவள் பெயரே வைக்கவில்லை. நாங்குநேரியில் மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவர் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோபம்தான் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. என் தாத்தா சித்த வைத்தியர். எங்கள் வீட்டுத் திண்ணையில் கல்வம் இருந்தது. அதற்கு மேலே சுவரில் அகத்தியர் படம். மருந்து அரைக்கும் முன்னால் தாத்தா அந்தப் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். அகத்தியமலையில் பிறக்கும் தாமிரபரணியின் தண்ணீர்தான் இந்தச் சீமைக்கு நெல்; அந்த ஆற்றைக் கொண்டுவந்தவர் அகத்தியர். தமிழுக்கு முதல் இலக்கணம் சொன்னவர் அகத்தியர். மருந்துக்கும் அவரே ஆசான். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுக்கு அவள் கதை அடி விழுந்த மாதிரி இருந்தது. போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

“கோவப்படாதிய சித்தப்பா,” என்றாள். “கதைல உள்ளது பூரா சின்ன வயசுல நீங்க சொன்னதுதான். நான் நின்னு பாத்த எடம் மட்டும்தான் வேற.”

போனை வைத்த பிறகு யோசித்தேன். அவள் சொன்னது சரி.

விந்திய மலையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேருவோடு போட்டி போட்டு வளர்ந்துகொண்டே போன மலை, முனிவரைக் கண்டதும் பணிந்து குனிகிறது. ‘நான் திரும்பி வரும்வரை இப்படியே இரு’ என்கிறார். தெற்கே வந்தவர் திரும்பவே இல்லை. மலையின் கர்வத்தை அடக்கியதாகத்தான் எனக்குச் சொன்னார்கள். நானும் அவளுக்கு அப்படியே சொன்னேன். பெரியவர் வார்த்தையை நம்பிக் குனிந்த ஒன்று இன்னும் நிமிராமல் காத்திருக்கிறது என்பதும் அதே கதைதான். காவிரியையும் அவர் கமண்டலத்துக்குள்தான் வைத்திருந்தார். காக்கையாக வந்து அதைத் தட்டிவிட்டவர் பிள்ளையார். ஆற்றை விடுவிக்க ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது பழைய கதையிலேயே இருக்கிறது. என் அண்ணன் மகள் காக்கையைப் பெண்ணாக்கினாள், அவ்வளவுதான்.

இன்னும் கடுமையான சாட்சி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர். தொல்காப்பியப் பாயிரம் அகத்தியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கு உரை எழுத வந்தவர்தான் நீண்ட கதை ஒன்றைச் சொல்கிறார். தம் மனைவி உலோபாமுத்திரையை அழைத்து வரும்படி மாணவர் தொல்காப்பியரை அனுப்புகிறார் அகத்தியர். வழியில் நாலு கோல் தூரம் விட்டே வர வேண்டும் என்பது கட்டளை. வைகையைக் கடக்கும்போது வெள்ளம் அந்த அம்மையை இழுக்கிறது. மாணவர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டிக் கரையேற்றுகிறார். உயிரைக் காப்பாற்றிய குற்றத்துக்கு இருவருக்கும் சொர்க்கம் இல்லை என்று சபிக்கிறார் குரு. ‘பிழை செய்யாத எங்களைச் சபித்ததால் உமக்கும் இல்லை’ என்று அவர்கள் திருப்பிச் சபிக்கிறார்கள். ஆத்திரம் அதோடு ஆறவில்லை. தொல்காப்பியம் அரங்கேறும்போது, அதைக் கேட்க வேண்டாம் என்று, நூலைக் கேட்டு ஏற்க வேண்டிய அதங்கோட்டாசானிடம் சொல்லி வைக்கிறார். இலக்கணத்தின் தந்தை என்று நாம் கும்பிடுகிறவர், நம் கையில் இருக்கும் மிகப் பழைய இலக்கணத்தைக் கேட்கக்கூடாது என்று சொன்னதாக எழுதி வைத்தவர் நாத்திகர் அல்ல, பெரும் உரையாசிரியர்.

பின்னால் வந்தவர்களும் தாங்கள் நின்ற இடத்திலிருந்துதான் பார்த்தார்கள். எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே தேரிமண் பூமியான இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், தெற்குக்குக் கல்வியும் நாகரிகமும் கொண்டுவந்த வடநாட்டுக் குடியேற்றத்தின் அடையாளமாக அகத்தியரைக் கண்டார். அதையே திராவிட இயக்கத்தார் மறுபக்கம் நின்று கேட்டார்கள். இங்கே ஏற்கெனவே இருந்த மொழிக்கும் அறிவுக்கும் வெளியிலிருந்து ஒரு தந்தை எதற்கு? 1930 வாக்கில் கே. என். சிவராஜ பிள்ளை, தமிழ்நாட்டு அகத்தியர் கதைகளைப் பற்றித் தனி நூலே எழுதி, இவை பிற்காலத்தில் கட்டப்பட்டவை என்று வாதிட்டார். வணக்கத்துக்குரியவர் ஒரு சாராருக்கு ஊடுருவியவராக மாறினார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி என்கிற பாதிரியார் பிரிட்டன் அரசர்களின் கதையில் எழுதி வைத்த மந்திரவாதி மெர்லின். ஆர்தர் அரசனுக்கு வழிகாட்டிய ஞானி என்றே பின்னால் ஐரோப்பா முழுக்க அவரைக் கொண்டாடினார்கள். 1889இல் மார்க் ட்வைன் எழுதிய நாவலில் ஓர் அமெரிக்கத் தொழிலாளி ஆர்தரின் காலத்துக்குப் போய்ச் சேருகிறான். அங்கே மெர்லின் பொறாமை பிடித்த போலி, வில்லன். அந்த நாவலின் முடிவு என்னை உலுக்கியது. மந்திரவாதியின் பொய்யை அம்பலப்படுத்தி அறிவைக் கொண்டுவந்த அந்த மனிதன், கடைசியில் மின்சார வேலியும் துப்பாக்கியும் வைத்து ஆயிரக்கணக்கான வீரர்களைக் கொன்று குவிக்கிறான். ஒருவரை வில்லன் என்று நிறுவிவிட்டால் எதிரில் நிற்கிறவர் தானாக நல்லவராகிவிடுவதில்லை.

அப்படியானால் பெரியவர்களை என்னதான் செய்வது? பூசையறையில் மாட்டுவதும் தெருவில் இழுத்துப் போடுவதும் மட்டும்தான் வழியா? என் தாத்தாவைப் பற்றி ஒருவர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஊர் கேட்டார், வீடு கேட்டார். வைத்தியர் பேரன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

“ஒங்க தாத்தா மருந்துலதான் எங்கம்மா பொழச்சா தம்பி. இளைப்பு. ராத்திரி பூரா உக்காந்தே கெடப்பா. காசு வாங்க மாட்டாரு ஒங்க தாத்தா. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா பொட்டணத்த மேல இருந்துதான் போடுவாரு. எனக்கு எட்டு வயசு. திண்ணைக்குக் கீழ நின்னு ரெண்டு கையையும் சேத்து ஏந்திக்கிட்டு நிப்பேன். ஒரு நா பிடிக்கத் தெரியாம விட்டுட்டேன். பிரிஞ்சு சூரணம் பூரா மண்ணாயிட்டு. இன்னொண்ணு கேக்கப் பயம். மண்ணோட அள்ளிட்டுப் போனேன்.”

“அந்தக் காலம் அப்படி சார்,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டு வந்தது; எழுந்து போய்விட்டார்.

அந்தத் திண்ணை எனக்குத் தெரியும். அந்தப் பொட்டணத்தையும் தெரியும். தாத்தா பழைய காகிதத்தைச் சதுரமாகக் கிழித்து, நாலு மடிப்பு மடித்து, முனையை உள்ளே செருகுவார். என் கையில் எத்தனையோ தடவை வைத்து, விரலை மூடிவிட்டிருக்கிறார். அதே கை இன்னொரு பிள்ளைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. இந்த இரண்டையும் ஒரே மனிதரின் கையாகப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

‘அந்தக் காலம்’ என்று நான் சொன்னது பொய். 2023 ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பெயரை நாடே உச்சரித்தது. பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறும் நெற்றிப் பொட்டும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. அந்தக் கயிற்றைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. நாம் கட்டிவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் குறையே இல்லை என்று ஒவ்வொரு தெருவும் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்தச் சொல் மணிக்கட்டில் கயிறாக ஏறிக்கொள்கிறது. கல்யாணப் பந்தலில் நான் சொன்ன நாலு வார்த்தையும் அதில் ஓர் இழைதான்.

பெரியவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு வழி எனக்குக் குற்றாலத்தில் கிடைத்தது. குற்றாலநாதர் கோயில் முன்பு பெருமாள் கோயிலாக இருந்தது என்கிறது தலபுராணம். சிவனடியார் என்று அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் வைணவராக வேடமிட்டு நுழைந்து, நின்றிருந்த திருமாலின் தலையில் கைவைத்து அழுத்தி, குறுக்கிக் குறுக்கி லிங்கமாக்கினார். லிங்கத்தின் உச்சியில் அவர் விரல்தடம் இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் ஊரோ தோத்தாத்ரி நாதப் பெருமாளின் ஊர், வானமாமலை மடத்தின் ஊர், நம்மாழ்வார் பாடிய தலம். சைவர் குற்றாலத்தில் சிலிர்த்துக் கேட்கும் அதே கதையை இங்கே உள்ளவர் எப்படிக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அகத்தியர் அழுத்தியதால் சுவாமிக்குத் தலைவலி வந்ததாம். அதற்காக மூலிகை போட்டுக் காய்ச்சிய தைலத்தை லிங்கத்துக்குச் சாத்துகிறார்கள். கோயில் அகத்தியரைத் துரத்தவில்லை, புகழை மறைக்கவில்லை. அவர் கைபட்ட இடம் வலிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. தைலம் காய்ச்சுகிறது. எங்கள் தோத்தாத்ரி நாதருக்கும் தினமும் எண்ணெய்க் காப்பு உண்டு. வழிந்த நல்லெண்ணெய் கோயில் கிணற்றில் சேருகிறது. நோய் தீர வேண்டுமென்று ஜனங்கள் வாங்கிப் போகிறார்கள். மலையடியில் ஒரு கோயில், சமவெளியில் ஒரு கோயில். இரண்டிலும் நம் முன்னோர் சிரத்தையாகச் செய்த காரியம் எண்ணெய் சாத்துவது.

பெரியவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்வதில் நமக்கு அவசரம். அது செத்தவருக்கான வழக்கு; அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் கைபட்டு யாருக்கோ வலித்தது என்றால், அந்த வலி இப்போது உயிரோடு இருக்கிற ஒருவரிடம் இருக்கிறது. நாம் செய்ய வேண்டிய வேலை அங்கேதான். என் தாத்தா எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையை மண்ணிலிருந்து மருந்து அள்ள வைத்தார். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழிக்க என்னால் முடியாது, கழிக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும், பிள்ளைகளிடமும்.

அண்ணன் மகளைக் கூப்பிட்டு, கதையில் ஒரு வரியும் மாற்றாதே என்றேன். பிறகு தலைமையாசிரியரின் வீடு விசாரித்துப் போனேன். “அன்னைக்கு நான் பேசினது தப்பு சார்,” என்றேன். பதில் சொல்லாமல் உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. அம்மாவைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, அவர் நெடுநேரம் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது, “அந்தத் திரிகடுகுச் சூரணம் இப்பவும் ஒங்க வீட்டுல இடிக்கிறியளா?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் இடித்து, சலித்து, தாத்தா மடிக்கிற மாதிரியே நாலு மடிப்பு மடித்து எடுத்துப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொட்டணத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். இந்தத் தடவை ஒற்றைக் கைதான். உள்ளங்கையில் வைத்தேன்.