அன்னையை நினைத்தல் பற்றா, அறமா?

எம் அன்னையார் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளன்று, ஜினாலயத்தில் அபிஷேகம் செய்வித்து இல்லம் திரும்பி, அவர்தம் படத்தின் முன் அனைவரும் அமர்ந்திருந்தோம். பெரியவர்கள் கண் கலங்கினர். அப்போது எம் இளவலின் ஒன்பது வயது மகள் எம்மை நோக்கி ஒரு வினா எழுப்பினாள். “பெரியப்பா, பாட்டி வேறு எங்கோ பிறந்திருப்பார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு இங்கே ஏன் அழுகிறீர்கள்?”

அன்று யாம் மறுமொழி கூறவில்லை. பிரசாதத்தை அவள் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டோம். பெரியவர்கள் வழக்கமாகக் கையாளும் வழி அது. ஆயினும் அந்த வினா எம்மை விட்டபாடில்லை.

குழந்தை கேட்டது நம் நெறியின் அடிப்படையைத் தொடும் கேள்வி. உடலை நீத்த உயிர் மறுபிறவியை அடையும் இடைக்காலம் நான்கு சமயத்திற்கு மேற்படாது என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் 2-ஆம் அத்தியாயத்துக் கொள்கை. ஈண்டுச் சமயம் என்பது காலத்தின் பகுக்கவொண்ணாத நுண்கூறு. ஒருமுறை கண் இமைப்பதற்குள் எண்ணிறந்த சமயங்கள் கழிந்துவிடும். யாம் அன்னையாரின் கண்களை மூடிவிட்டுக் கையை எடுக்கும் முன்னரே அவ்வுயிர் தன் வினைக்கேற்ற இடத்தை அடைந்திருக்கும். இறந்தார்க்குப் பிண்டமிட்டு உணவு அனுப்புதலை நம் நூல்கள் ஏற்காமைக்குக் காரணமும் இதுவே. நம் கண்ணீர் சென்று சேர அங்கே முகவரி ஏதும் இல்லை.

அதே நூலின் 6-ஆம் அத்தியாயம் இன்னும் கண்டிப்பானது. துன்புறுதலும் சோகமும் அரற்றலும் புலம்பலும் தன்னிடத்தாயினும் பிறரிடத்தாயினும் விளைவிக்கப்படின், அவை அசாதா வேதனீய வினை வந்து சேரும் வாயில்கள் என்கிறது. அழுவது இறந்தவர்க்குப் பயன்படாததோடு, அழுபவர்க்கே புதிய கட்டாகவும் முடிகிறது.

இறப்பை எதிர்கொள்பவர்க்கும் இதையொட்டியே ஒரு விதி உண்டு. சல்லேகனை மேற்கொண்டார் விலக்க வேண்டிய ஐந்து குற்றங்களுள் நட்டார்மேல் நெஞ்சம் உருகுதலும் ஒன்று. நம்மைப் பிரிபவர் நம்மை மறக்க முயல்வது அறமாகிறது. நாமோ அவர் கடைசியாக நம் பெயரைச் சொன்னாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீவக சிந்தாமணியில் விசயையை எண்ணிப் பாருங்கள். மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் மகனை ஈன்று, அவனை வணிகன் கந்துக்கடன் எடுத்துச் செல்லக் கண்டு, தவப்பள்ளியில் காத்திருந்த தாய் அவள். மகன் இழந்த நாட்டை மீட்டு அரியணை ஏறினான். இனி அரண்மனையில் அமர்ந்து மகிழலாம் என்ற காலத்தில், வளர்த்த தாய் சுநந்தையுடன் துறவு பூண்டாள். ஈன்றவளும் வளர்த்தவளும் ஒருங்கே பிரிந்தனர். தாயன்பு குன்றியதால் அவள் சென்றாள் என்று எவரும் கூறார். இளமையில் அந்தப் பகுதியைப் படித்தபோது எமக்கு அவள்மேல் சற்றே சினம் இருந்தது; இன்று இல்லை.

எம் அன்னையார் துறவியல்லர். வந்தவாசி வட்டத்துச் சிற்றூரில் மாடும் நெல்லும் மருமக்களுமாக வாழ்ந்த இல்லறத்தார். மாலையில் ஸ்ரீபுராணம் வாசிப்பார். பெயர்த்திகள் கேட்டபடியே உறங்கிவிடுவர். கிணற்று நீரை இருமடித் துணியில் வடிப்பார். வடிப்பது எல்லார்க்கும் தெரியும். அவர் அதனோடு நில்லாது, அத்துணியைக் கவிழ்த்து வடித்த நீரால் அலசி, அந்த நீரைச் சிறு செம்பில் ஏந்தி, கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, மீண்டும் அதே கிணற்றில் சேர்ப்பார். மேலிருந்து கொட்டினால் அவ்வுயிர்கள் அடிபடும் என்பார். கண்ணுக்குப் புலனாகா உயிர்களை அவை பிறந்த இடத்திற்கே கொண்டு சேர்க்கும் அந்தப் பொறுமை எமக்கு வாய்க்கவில்லை.

மறைவதற்கு மூன்று நாள் முன்பு, மகன்கள், மருமக்கள், பால் கொண்டு வருபவர் வரை ஒவ்வொருவராக அழைத்துக் கைகூப்பிப் பிழை பொறுக்குமாறு வேண்டினார். எம்மிடமும் வேண்டினார். “இப்போது எதற்கு அம்மா இந்தப் பேச்சு?” என்று அக்கைகளைப் பிடித்துத் தாழ்த்திவிட்டோம். பொறுத்தேன் என்று கூறவும் இல்லை, எம் பிழையைப் பொறுக்குமாறு கேட்கவும் இல்லை. அன்பு என்று நினைத்துக்கொண்டோம். அவர் தம் கணக்கை முடிக்க வந்தார். யாம் திறந்தபடியே விட்டு அனுப்பினோம்.

அதற்கும் முன்பு நிகழ்ந்தது ஒன்று உண்டு. அறுபது ஆண்டுகள் இரவுண்ணா நோன்பைக் காத்தவர் அவர். மருத்துவமனையில் இருந்தபோது இரவு எட்டு மணி மாத்திரையைக் கஞ்சியுடன் கொடுக்க வேண்டியிருந்தது. “பொழுது சாய்ந்துவிட்டதா?” என்று கேட்டார். திரையை இழுத்து விட்டிருந்தோம், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “இன்னும் இல்லை” என்றோம். நம்பி வாய் திறந்தார். நான்கு இரவுகள் இவ்வாறு நடந்தது.

அவருடைய நோன்பு கெட்டதா? அறியாமல் உண்டவரிடம் நோன்பை முறிக்கும் கருத்து இல்லை. ஆதலின் அவர்மேல் குற்றமில்லை என்றே கருதுகிறோம். எம் நிலை வேறு. செய்தலும் செய்வித்தலும் உடன்படலும் வினையே என்று எமக்குக் கற்பித்தவரிடமே பொய்யுரைத்தோம். உயிரை நீட்டிக்கத்தானே என்று உறவினர் ஆறுதல் கூறுவர். எவர் உயிரை, எவர் பொருட்டு? அவர் தம் உடலினும் மேலாக மதித்த ஒன்றை, அவரை இழக்க அஞ்சிய எம் அச்சத்திற்காக எடுத்துக்கொண்டோம். பற்று என்று நூல்கள் கூறுவது எதை என்பது அந்தக் கஞ்சிக் கரண்டியில்தான் எமக்கு விளங்கிற்று.

ஆகவே படத்தின் முன் பெருகிய கண்ணீரில் பெரும்பகுதி அன்னையாருக்கானது அன்று; எம் இழப்புக்கும் எம் பிழைக்கும் உரியது. இழப்புக்கு அழுவதைக் குறைத்துக்கொள்ளலாம். பிழையை நினைப்பதோ ஆலோசனை, பிரதிக்கிரமணம் என்னும் பெயர்களில் நம் நித்திய கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது. இவை தவிர, நினைவுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. நூலின் 7-ஆம் அத்தியாயம் நான்கு பாவனைகளைக் கூறுமிடத்து, குணத்தால் உயர்ந்தாரிடத்துப் பிரமோதம், அதாவது உவகை கொள்ளச் சொல்கிறது. எம் தாய் என்பதற்காக அன்றி, செம்பைக் கயிற்றில் இறக்கிய அந்தக் கைக்காக மகிழ்வதில் பற்று புகுவதற்கு இடம் குறைவு. முற்றும் இல்லை என்று கூற எமக்குத் துணிவில்லை. அவ்வாறு நினைக்கத் தொடங்கியும், முகமே முன்னர்த் தோன்றுகிறது.

சென்ற மாதம் ஊருக்குச் சென்றிருந்தபோது, அந்தப் பெண்ணிடம் நான்கு இரவுகளின் கதையையும் மறைக்காமல் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர்க் குழாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வந்தாள். ஆழ்துளைக் கிணறு போட்டபின் பழைய கிணற்றை மூடிவிட்டார்கள். நீர் பூமிக்கடியிலிருந்து ஏறி, மேல்தொட்டியில் தங்கி, குழாய் வழியே வருகிறது.

“பெரியப்பா, இதை அலசிய நீரை எங்கே கொண்டுபோய் விடவேண்டும்?” என்றாள்.

துணியை ஈரம் உலராமல் கையில் வைத்துக்கொண்டு இருவரும் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.