நேர்மைக்கு எத்தனை மதிப்பெண்?

எஸ்.பி.எம். தேர்வுக்கு நன்னெறிக் கல்வி படித்த என் வயதுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 36 நெறிகளில் பாதியையாவது இன்றும் ஒப்பிப்பார். ஒவ்வொரு நெறிக்கும் மலாயில் ஒரு விளக்கம் உண்டு. அதை வரி பிசகாமல் எழுத வேண்டும். சொல் மாறினால் மதிப்பெண் போகும். 'நேர்மை' என்ற நெறியின் விளக்கத்தைப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். பிறகு பாடத்திட்டம் மாறியது, நெறிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ஒழுக்கம் என்றால் கேள்விக்குச் சரியான விடை எழுதுவது என்ற எண்ணம் மட்டும் நமக்குள் அப்படியே தங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அது விடுவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 2019 முதல், பழைய நாகரிகப் பாடத்துக்கும் இன உறவுப் பாடத்துக்கும் பதிலாக 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்', 'ஃபல்சாஃபா டான் ஈசு செமாசா' என்று இரண்டு பாடங்கள் வந்தன. முதல் பாடத்தின் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது: ஒழுக்கத்தையும் நாகரிகத்தையும் மனத்தில் வாங்கி உணர்தல். ஆனால் மாணவர்களைக் கேட்டால் "அது ஈசியா ஏ எடுக்கிற பாடம்ணே" என்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருத்தர் உட்கார்ந்து எல்லா வேலையையும் செய்கிறார். மதிப்பெண் ஐந்து பேருக்கும் ஒன்றே. தலைப்பு பொறுப்புணர்ச்சி!

நான் விரிவுரையாளர் அல்ல. சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக இந்து மாணவர்களுக்குப் பண்பாட்டுப் பயிலரங்கு நடத்தும் தொண்டூழியர்களில் ஒருவன். போகிற இடமெல்லாம் ஒரு கேள்வி வரும். "அண்ணே, பண்பெல்லாம் வீட்டுல வர்றது. 20 வயசுல வந்து சொல்லிக் கொடுத்தா வருமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் என்ற பெருமையும் அந்தக் கேள்வியில் இருக்கும்.

எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. அம்மா சொல்லிக் கொடுத்த நேர்மை எவ்வளவு தூரம் வரும்? கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த மிச்சக் காசைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு வரும். வீட்டில் யாரும் சொல்லித் தராத பல விஷயங்கள் பல்கலைக்கழகத்தில்தான் முதல் தடவையாக எதிரே வந்து நிற்கின்றன. பி.டி.பி.டி.என். பணம் கணக்கில் விழுகிறது. அது என் பணமா, கடனா, அப்பாவுக்கு அனுப்ப வேண்டியதா? சீனியர் ஒருவர் பழைய அசைன்மென்டைக் காசுக்குத் தருகிறார். அறைத்தோழி வேறு இனம், வேறு சமயம். அவள் முன்னால் சொல்லத் தயங்கும் ஒரு நகைச்சுவையை நம் புலனக் குழுவில் தாராளமாகப் பகிர்கிறோம். இரவு எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. 12 வயதில் இந்தக் கேள்விகளுக்கு அம்மா விடை சொல்லியிருக்க முடியாது. அவருக்கே இவை தெரியாது.

அதனால் 20 வயதில் பண்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கட்சி. எப்படிப் பேசுவது என்பதில்தான் சிக்கல்.

நம் மரபில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் படித்து முடித்த மாணவனைக் குரு வழியனுப்பும் பகுதி. அந்தக் காலத்துப் பட்டமளிப்பு உரை என்றே வைத்துக்கொள்ளலாம். உண்மை பேசு, அறத்தில் நட, தாயையும் தந்தையையும் ஆசிரியரையும் விருந்தினரையும் தெய்வமாக நினை என்பதெல்லாம் நம் சமய வகுப்புகளில் பலமுறை கேட்டதுதான். அதையடுத்து வருவதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் பின்பற்று, மற்றதை விட்டுவிடு என்கிறார் குரு. தன்னிடமும் விட வேண்டியது இருக்கிறது என்று மாணவனிடமே சொல்லும் ஆசிரியர்! இன்னும் மேலே போகிறார். எது சரி என்று உனக்குச் சந்தேகம் வந்தால், சிந்திக்கத் தெரிந்த, கடுமை இல்லாத, அறத்தை விரும்புகிற பெரியவர்கள் அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்களோ அப்படி நட என்கிறார்.

சந்தேகம் வரும் என்பதை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் பாருங்கள். வேதம் முழுக்கப் படித்தவனுக்கும் வரும். அப்போது புத்தகத்தைத் திற என்று சொல்லவில்லை, ஆளைப் பார் என்கிறார். அந்த ஆளுக்கு வைத்திருக்கிற தகுதிகளில் 'கடுமை இல்லாமை'யும் ஒன்று. நம் கோயில் மண்டபங்களில் இளைஞர்களுக்கு ஒழுக்கம் பேச வருகிற சிலர் இந்த ஒரு தகுதியில் நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பெயர் வேண்டாம்.

இந்தியாவிலும் இப்போது பொறியியல் மாணவர்களுக்கு மனித விழுமியங்கள் பற்றிய பாடம் நடக்கிறது. தனக்குள் இணக்கம், குடும்பத்தில் இணக்கம், சமூகத்தில், இயற்கையில் என்று விரிந்துகொண்டே போகும் பாடம். ஆசிரியர் சொல்வதை அப்படியே ஏற்காதே, உன் மனம் இயல்பாக ஏற்கிறதா என்று நீயே சோதித்துப் பார் என்பது அதன் வழி. இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறையும் தெரிகிறது. 'நம்பிக்கை வேண்டுமா, சந்தேகம் வேண்டுமா' என்று கேட்டால் யாருடைய மனமும் நம்பிக்கையைத்தான் ஏற்கும். பெரிய சொற்களில் நமக்குள் சண்டையே வராது. சின்ன விஷயத்தில்தான் வரும். இரண்டு நல்ல விஷயங்கள் ஒன்றையொன்று முட்டும்போது வரும்.

அப்படி ஒன்று எங்கள் பயிலரங்கில் வந்தது. அன்றைய தலைப்பு வாய்மை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "அண்ணே, என் ஃப்ரெண்டு ராத்திரியில 24 மணி நேரக் கடையில வேலை செய்யுறா. அப்பா கீழே விழுந்து வேலைக்குப் போக முடியல, இவதான் வீட்டுக்குக் காசு அனுப்புறா. காலையில எட்டு மணி வகுப்புக்கு எழுந்திரிக்க முடியல. 80 விழுக்காடு வருகை இல்லன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. அதனால நான் கியூ.ஆர். கோட்டைப் படம் புடிச்சு அவளுக்கு அனுப்புவேன், அவ படுத்துக்கிட்டே ஸ்கேன் பண்ணிடுவா. இது பொய்யா?"

அந்த எட்டு மணி வகுப்பு என்ன பாடம் என்று ஒருவன் கேட்டான். எத்திகா பாடம்தான். அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் சிலைடுகளை மூடி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் அவர்களே பேசினார்கள். பொய் பொய்தான் என்றான் ஒருவன். குருட்சேத்திரத்தில் அசுவத்தாமன் பெயரைச் சொல்லித் தருமர் பேசிய அரைப் பொய்யையும், அதுவரை தரையைத் தொடாமல் ஓடிய அவர் தேர் இறங்கிவிட்டதையும் இன்னொருத்தி எடுத்து வந்தாள். தமிழ் இலக்கியம் எடுத்த ஒரு பையன், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் என்றான். கைதட்டல் வேறு. நான் ஒன்றை மட்டும் சொன்னேன்: அதே அதிகாரத்தில் அடுத்த குறளைப் பார். பொய் சொன்னபின் தன் நெஞ்சே தன்னைச் சுடுவதைப் பற்றி அது பேசுகிறது. வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கடைசியில் பேசியவள் முதலாண்டு மாணவி. அதுவரை வாயே திறக்கவில்லை. "அக்கா, நீங்க ஸ்கேன் பண்ண உதவி பண்ணிக்கிட்டே இருந்தா, அவங்க கஷ்டப்படுறாங்கன்னு யாருக்குமே தெரியாதே?"

அறை அமைதியானது. பொய்யா உண்மையா என்று மட்டுமே வாதாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பொய் யாரை மறைக்கிறது என்று இவள்தான் கேட்டாள். எந்தப் பாடநூலிலும் இந்தக் கேள்வி இருந்திருக்காது, ஏனென்றால் பாடநூலுக்கு அந்தத் தோழியைத் தெரியாது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கதை இனிப்பாக முடியவில்லை. கேள்வி கேட்ட மாணவி தோழியிடம் பேசினாள்: இனி படம் அனுப்ப மாட்டேன், ஆனால் விரிவுரையாளரிடம் உன்கூட வருகிறேன். தோழிக்குக் கோபம். "உன் மனசாட்சி சுத்தமா இருக்கணும்னு என்னை எல்லார் முன்னாடியும் பிச்சைக்காரியா நிறுத்தப் பாக்குறியா?" இரண்டு வாரம் பேச்சு இல்லை. பிறகு இருவரும் போனார்கள். விரிவுரையாளர் மாலை வகுப்புக்கு மாற்றிக் கொடுத்தார். முன்பு வராத நாள்களைச் சரி செய்ய முடியாது, இனி ஒரு நாள் விட்டாலும் சிக்கல் என்றும் சொல்லிவிட்டார். தோழி இன்றும் இரவு வேலைக்குத்தான் போகிறாள். இருவரும் பழையபடி நெருக்கமா என்று கேட்டேன். "பரவால்லண்ணே, ஓக்கே" என்றாள். அந்த 'ஓக்கே'யில் கொஞ்சம் வலி இருந்தது.

தோழி கேட்டது சும்மா ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. என் மனம் சுத்தமாக இருப்பதற்காக இன்னொருவர் விலை கொடுப்பது சரியா? அந்த மாணவி படம் அனுப்புவதை நிறுத்தியதோடு விட்டிருந்தால், தோழியின் குற்றச்சாட்டு சரி என்றே சொல்வேன். கூட வருகிறேன் என்று சொன்னாள், இரண்டு வாரக் கோபத்தைத் தாங்கிக்கொண்டாள், கடைசியில் கூடப் போய் நின்றாள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

'மன இணக்கம்' என்ற சொல்லை நம் முகாம்களில் நிறையப் பயன்படுத்துகிறோம். கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, மனம் அமைதியாக இருக்கிறதா என்று கேட்கிறோம். தியானத்தை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் அந்த மாணவி படம் அனுப்பிக்கொண்டிருந்த நாள்களில் அவளைச் சுற்றி எல்லாமே அமைதிதான். தோழி மகிழ்ச்சி, வருகைப் பதிவு முழுமை, யாருக்கும் தொந்தரவு இல்லை. அவளுக்குள் மட்டும் ஏதோ ஒட்டவில்லை. அதனால்தான் நிறையப் பேர் நடுவில் கையைத் தூக்கினாள். நினைப்பும் சொல்லும் செயலும் ஒரே கோட்டில் வருவதைத்தான் இணக்கம் என்கிறோமென்றால், அது வரும்போது வெளியே சத்தம் கேட்கும், உறவு கொஞ்சம் ஆடும். இதை முன்கூட்டியே மாணவர்களுக்குச் சொல்லாமல் 'நல்லவனாக இரு, நிம்மதி வரும்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், முதல் கோபத்திலேயே அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

மதிப்பெண் கூடாது என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் பாதிப் பேர் வகுப்புக்கே வரமாட்டார்கள், அதுவும் தெரியும். மனித வரலாற்றில் மனிதர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்குத் தேர்வு வைக்கலாம். அந்த மாணவி கேட்டதற்கு எப்படி வைப்பது? விடையை ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், மாணவன் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவான். கீதையில் கண்ணன் அவ்வளவு நேரம் பேசுகிறார், ஏறக்குறைய முடிக்கும் இடத்தில், இதையெல்லாம் நன்றாக யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று அர்ச்சுனனிடமே விட்டுவிடுகிறார். கடவுளே அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும்போது ஒரு மணி நேரம் பேச வந்த எனக்கு என்ன?

இப்போது எங்கள் பயிலரங்கில் தலைப்பை நாங்கள் கொடுப்பதில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு தாளில் தங்களுக்கு உண்மையிலேயே நெருடுகிற ஒன்றைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். சென்ற மாதம் வந்ததில் சில: வீட்டில் சொல்லாமல் படிப்பை மாற்றியது, அண்ணன் வாங்கிய கடனுக்குத் தான் கையெழுத்துப் போடலாமா என்பது, கோயில் திருவிழாவுக்கு வசூலித்த பணத்தில் கணக்குக் காட்டாத 200 ரிங்கிட். நடத்துபவரும் ஒரு தாள் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அடுத்த சனிக்கிழமை அந்த 200 ரிங்கிட்டைத்தான் எடுக்கப் போகிறோம். கோயில் செயற்குழுவிலிருந்து ஒருவரையும் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.