கோவேறு கழுதையும் உழவனும்

1930ஆம் ஆண்டு வறட்சியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் தீய்ந்தது. டிசம்பரில் விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் 4.5 கோடி டாலர் கடனளிக்க அரசு இசைந்தது. செனட் சபையினர் சிலர் வற்புறுத்தியும், உழவனின் உணவுக்குக் குடியரசுத் தலைவர் ஹூவர் இசையவில்லை.

அவர் கல்நெஞ்சர் அல்லர். முதல் உலகப்போரில் பெல்ஜிய மக்களின் பசியாற்றியவர். அரசே சோறிட்டால் தன்மானமும் அயலாரின் ஈகையும் பட்டுப்போகும் என அஞ்சினார். பிறரன்புப் பணியில் ஈடுபடும் நமக்கு இவ்வச்சம் புதிதன்று. 'வாங்கிப் பழகிவிடுவார்கள்' என்று நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால், கோவேறு கழுதையின் குணம் கெடுமோ என எவரும் கவலையுறவில்லை!

1931 ஜனவரியில், 'இங்கிலாந்து' என்றே பெயர்கொண்ட ஆர்கன்சா சிற்றூரில் உழவர்கள் சில நூறு பேர் திரண்டு உணவு கேட்டனர். ஹூவர் நம்பியிருந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவி அங்கே நின்றுபோயிருந்தது. விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துவிட்டனவாம்.