வாளை உருவாத பிள்ளை



நியாயாதிபதிகள் ஆகமம் எட்டாம் அதிகாரத்தில் ஒரு சிறு சம்பவம் இருக்கிறது. பூசையில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி. ஆகையால் உங்களில் அநேகர் கேட்டிருக்கமாட்டீர்கள். மதியானியரை முறியடித்த ஜெதெயோன், அவர்களுடைய அரசர் இருவரைச் சிறைப்பிடித்து வருகிறார். அவருடைய உடன்பிறந்தாரைக் கொன்றவர்கள் இவர்களே. ஜெதெயோன் தம் மூத்த மகனை அழைத்து, எழுந்து இவர்களை வெட்டு என்று கட்டளையிடுகிறார். பிள்ளையின் இடுப்பில் வாள் இருக்கிறது. ஆனால் அவன் அதை உருவவில்லை. இன்னும் சிறுவனானபடியால் பயந்தான் என்று வேதாகமமே காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

அங்கே நின்ற அத்தனை பேரிலும் அந்தப் பிள்ளையின் வயதை அறிந்திருந்தவன் அந்தப் பிள்ளை ஒருவனே. பெற்ற தகப்பனுக்கு அது மறந்துபோயிற்று.

இந்தச் சம்பவம் எனக்கு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மாள். சென்ற வாரம் பூசைக் கருத்து எழுத வந்தார். மகனும் மருமகளும் அமெரிக்காவில் வேலையாயிருக்கிறார்கள். பேரனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்களாம். ஆசிரியை கதவைப் பூட்டி விளக்கை அணைப்பாராம். பிள்ளைகள் மூலையில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு சத்தம் போடாமல் உட்காரவேண்டுமாம். யாராவது துப்பாக்கியோடு வந்தால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை அது. "சாமி, அந்த ஊரில் துப்பாக்கியைச் சின்னப் பையன்களுக்கும் விற்பார்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாட்டில் 1968-ம் வருஷம் ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கடைக்காரன் கைத்துப்பாக்கியை 21 வயது நிறையாதவனுக்கு விற்கக்கூடாது. ரைபிள் போன்ற நீண்ட துப்பாக்கியை 18 வயது நிறையாதவனுக்கு விற்கக்கூடாது. ஏன் இரண்டு வயது? கைத்துப்பாக்கி சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோகக் கூடியது, குற்றத்துக்கு உதவுவது. நீண்ட துப்பாக்கியோ வேட்டைக்காரனும் விவசாயியும் வைத்திருப்பது என்ற எண்ணமே காரணம். இராணுவத் துப்பாக்கியின் சாயலில் செய்து, நொடிக்கு நொடி சுடக்கூடிய ரைபிள்கள் சாதாரணக் கடைகளில் பெருகியபோது, அவையும் அதே 18 வயதுக் கணக்கில் வந்து சேர்ந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே 21 வயது ஆகாதவனுக்குக் கடையில் ஒரு புட்டி பீர் விற்கமாட்டார்கள்.

2022-ம் வருஷம் மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி என்ற சிறிய ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 17 வயதில் ஒரு பையன் தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரும்படி தன் சகோதரியைக் கேட்டான். அவள் கண்டிப்பாக மறுத்துவிட்டாள். மே 16-ந் தேதி அவனுக்கு 18 வயது நிறைந்தது. ஒரு வாரத்துக்குள் சட்டப்படியே இரண்டு ரைபிள்கள் வாங்கினான். மே 24-ந் தேதி, தான் குடியிருந்த வீட்டில் தன் பாட்டியை முதலில் சுட்டான். அந்த அம்மாள் உயிர் பிழைத்தார். பிறகு ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அந்த ஊர்த் திரு இருதயக் கோவிலில் ஒன்றன்பின் ஒன்றாக அடக்கப் பூசைகள் நடந்தன. சகோதரியின் வாய் "முடியாது" என்றது. ஒரு பிறந்தநாள் வந்ததும் சட்டம் "ஆகட்டும்" என்றது.

புளோரிடா மாநிலத்தில் 2018-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 19 வயதுள்ளவன் ஒருவன் பள்ளியில் 17 பேரைக் கொன்றபின், அந்த மாநிலம் எல்லாவிதத் துப்பாக்கியும் வாங்கும் வயதை அடுத்த மாதமே 21 ஆக உயர்த்தியது. தகுந்த குறைந்தபட்ச வயதை நிர்ணயிப்பது பயன் தரக்கூடிய வழி என்று அமெரிக்க ஆயர்களும் அவ்வருஷம் மார்ச் மாதத்தில் சொன்னார்கள். யுவால்டிக்குப் பிறகு, 2022 ஜூனில், 21 வயதுக்கு உட்பட்டவன் துப்பாக்கி வாங்க வந்தால் அவனுடைய சிறுவயதுக் குற்றப் பதிவுகளையும் மனநலப் பதிவுகளையும் விசாரிக்கும்படி நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

எதிர்வாதம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பதினெட்டு வயதில் வாக்களிக்கிறான், பட்டாளத்தில் சேருகிறான், நாட்டுக்காக உயிரையும் கொடுக்கலாம். தன் வீட்டைக் காக்க ஒரு துப்பாக்கி வாங்கக்கூடாதா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் கெட்டவர்களல்லர். ஆனால் பட்டாளத்தில் இருந்து வந்த நம் பங்குப் பெரியவர்களை விசாரித்துப் பாருங்கள். சிப்பாய்க்குக் கொடுத்த துப்பாக்கி அவனுடையதல்ல. அது ஆயுதக் கிடங்கில் பூட்டிக் கிடக்கும்; கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும்; திரும்பக் கொடுக்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குவார்கள். அவன் தலைமேல் ஒரு அதிகாரி, அந்த அதிகாரிமேல் ஒரு அதிகாரி. பதினெட்டு வயதுப் பையனை நம்பித் துப்பாக்கி கொடுக்கும் இடத்திலேதான் அவனைச் சுற்றி இத்தனை காவல் வைத்திருக்கிறார்கள். அவனுடைய படுக்கை அறையில் அந்தக் காவல் ஏது?

நீதிமன்றங்களும் ஒரே வழியில் போகவில்லை. 2025-ம் வருஷம் ஜனவரியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், 18 முதல் 20 வயதுள்ளோருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாதென்ற பழைய தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. மார்ச் மாதத்தில் வேறொன்று, புளோரிடாவின் 21 வயதுச் சட்டம் செல்லும் என்றது. வயதை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகரத்தில் மங்கள வார்த்தை மாதா கோவிலில், பள்ளிக் குழந்தைகள் பூசை கண்டுகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டு, 8 வயதும் 10 வயதுமான இரண்டு குழந்தைகளைக் கொன்ற ஆளுக்கு வயது 23. எந்த வயது வரம்பும் அந்தக் கையைத் தடுத்திராது. அந்தச் செய்தி வந்த அன்று நான் ஜெபமாலை சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது.

இன்னொரு விஷயம், பெற்றோரே, நீங்கள் நிறுத்தி வாசிக்கவேண்டியது. பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ் இலாகா 2019-ம் வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி உபயோகித்த பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது கிடைத்த இடம் தாய் தகப்பன் வீடு, அல்லது நெருங்கிய உறவினர் வீடு. கடைக்காரன் பிறந்த தேதியைக் கேட்டான். வீட்டு அலமாரி கேட்கவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்ற ஊர். 2021-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி ஒரு தகப்பன் கைத்துப்பாக்கி வாங்கினான். கூட வந்த மகனுக்கு 15 வயது. கடை அவனுக்கு விற்றிராது. ஆனால் வாங்கியதே அவனுக்காகத்தான். கிறிஸ்மஸ் வெகுமதி என்று தாயும் எழுதி வைத்தாள். மறுநாள் அவளே அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். நான்கு நாள் கழித்து, நவம்பர் 30 காலையில், கணக்குத் தாளில் அவன் வரைந்திருந்த துப்பாக்கிப் படத்தையும் எழுதியிருந்த உதவி கேட்கும் வார்த்தைகளையும் ஆசிரியை கண்டார். பள்ளியிலிருந்து பெற்றோரை வரவழைத்தார்கள். வந்தார்கள். வீட்டில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியிருப்பதைச் சொல்லவில்லை. மகனைக் கையோடு கூட்டிப்போகவும் இல்லை, வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவனுடைய பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவன் சுட்டதில் நான்கு மாணாக்கர் உயிரிழந்தார்கள்.

மகனுக்கு ஆயுள் சிறை. தாயையும் தகப்பனையும் 2024-ம் வருஷம் தனித்தனியே விசாரித்து, கைப்பிழையால் உயிர் போக்கிய குற்றத்துக்கு இருவருக்கும் 10 முதல் 15 வருஷம் சிறை விதித்தார்கள். பள்ளியில் பிள்ளை செய்த இப்படிப்பட்ட கொலைக்குப் பெற்றோர் இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றது அந்நாட்டில் அதுவே முதல் தடவை. அதே மாநிலத்தில், வயது வராத பிள்ளை இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவேண்டும் என்ற சட்டமும் அவ்வருஷம் பெப்ரவரியில் அமலுக்கு வந்தது. அந்தத் தாய் தகப்பன் மகனை நேசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. விலை உயர்ந்த வெகுமதி கொடுத்தார்கள். ஆனால் அன்று காலை அவனோடு ஒரு மணி நேரம் உட்கார அவர்களுக்கு நேரமில்லை. இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியமா?

நம் திருச்சபையும் வயது குறிக்கிறது. புத்தி விபரத்துக்கு 7, சுத்தபோசனத்துக்கு 14, ஒருசந்திக்கு 18. ஒருசந்தி வயது முன்பு 21 ஆக இருந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதைக் குறைத்தது. அந்தச் சட்டத்திலேயே பலர் கவனியாத ஒரு பகுதி இருக்கிறது: வயதின் காரணமாகக் கடமையில்லாத பிள்ளைகளும் தவத்தின் உண்மைக் கருத்தில் வளரும்படி குருக்களும் பெற்றோரும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது. ஆகையால் அந்த வயது வரும்வரைக்கும் கடமை இல்லாமற் போவதில்லை. அது நம் தலையில் இருக்கிறது. அதே 1983-ம் வருஷம் நம் தேசத்தின் ஆயுதச் சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 1959-ல் 16 என்று இருந்த வயதை 21 ஆக உயர்த்தினார்கள்.

நம் பங்கில் துப்பாக்கி வைத்திருக்கும் வீடு இருப்பதாக எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டிச் சொந்தக்காரருக்கும் பாதுகாவலருக்கும் 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். துப்பாக்கியும் வண்டியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் நச்சரிக்கிறான் என்று ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து நீட்டுகிற கையும், கடையில் கையெழுத்துப் போட்ட அந்தத் தகப்பனின் கையும் வெகு தூரத்தில் இல்லை.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. சீக்ரெட் சர்வீஸ் அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது: தாக்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் எண்ணத்தை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருந்தார்கள் அல்லது காட்டியிருந்தார்கள். கேட்டவர்களில் உங்கள் வயதுள்ளவர்களும் இருந்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அல்லது காட்டிக்கொடுப்பவன் என்ற பேர் வருமே என்று பயந்தார்கள். உன் சிநேகிதன் தன்னையோ பிறரையோ அழித்துக்கொள்ளப் பேசினால், அதை ஒரு பெரியவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது. என்னிடம் வந்து சொல்லலாம். எந்த நேரமும் வரலாம்.

பெரியவர்கள் நீட்டுகிறார்கள் என்பதற்காக எதையும் வாங்கிக்கொள்ளவேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. சவுல் அரசர் தம்முடைய கவசத்தையும் வாளையும் தாவீதுக்கு அணிவித்தபோது, இவற்றோடு எனக்கு நடக்கவே வராது, பழக்கமில்லை என்று சொல்லி அந்த இளைஞன் அவற்றைக் கழற்றி வைத்தான். அரசருக்கு முன்பாகக் கழற்றி வைக்க அவன் வெட்கப்படவில்லை. ஜெதெயோனுடைய மகனையும் அவன் தகப்பன் திட்டியதாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. அவர் தாமே எழுந்து அந்த வேலையைச் செய்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அந்த அம்மாள் கேட்ட பூசை வருகிற செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு. பேரனுக்காகவும் அவனோடு இருட்டில் உட்கார்ந்து பழகுகிற பிள்ளைகளுக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடியவர்கள் கூட்டி வாருங்கள்.